தவறணைக்கு வழி கேட்டதில்லை

ஸ்பீக்கர் கட்டுகிறவனுக்கு ஊரில் தெரியாத வீடு கிடையாது. குடிக்கிறவனுக்குத் தெரியாத சந்து கிடையாது. இரண்டு தொழிலையும் சேர்த்துப் பார்த்தவன் நான். மாத்தளை டவுனில் கல்யாணம், சடங்கு, திருவிழா, சாவு எதுவானாலும் "சவுண்ட் செல்வத்தக் கூப்பிடு" என்பார்கள். வேலை முடிந்ததும் "சவுண்ட் செல்வத்தத் தூக்கு" என்பார்கள். ஸ்பீக்கர் பொக்ஸோடு பொக்ஸாக என்னையும் லொறியில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போவார்கள். ஒருதரம் பொக்ஸை வாசலில் இறக்கிவிட்டு என்னை மறந்து லொறியோடு கொண்டுபோய்விட்டார்கள்.

ஆனால் இங்கே சொல்ல வந்தது என் மூன்றாவது தொழிலைப் பற்றி, அதாவது குடியை விடுகிற தொழில். யுத்தம் முடிவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் அதில் சேர்ந்தேன். தவறணைக்கு, அதாவது சாராயக் கடைக்கு, நான் ஒருநாளும் வழி கேட்டதில்லை. குடியை விட நினைக்கிறவர்கள் எங்கே கூடுகிறார்கள் என்று கண்டுபிடிக்கத்தான் நாய்படாத பாடு பட்டேன். உங்களில் யாராவது அந்தப் பாடு பட்டிருந்தால், அல்லது பட்டவனோடு குடும்பம் நடத்தியிருந்தால், கிட்ட வந்து உட்காருங்கள். நமக்குள் என்ன வெட்கம்?

மைக் வேலை செய்தது

எல்லாம் மச்சான் மகளின் கல்யாணத்தில் ஆரம்பித்தது. மச்சான் என்றால் என் மனைவி புஷ்பத்தின் அண்ணன். பலாபத்வலையில் மெயின் ரோட்டோரம் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். சொந்தக்காரக் கல்யாணம் என்று ஸ்பீக்கர் செட்டை ஓசிக்குக் கட்டினேன். ஓசிக்குக் கட்டினதால் குடிக்கிற உரிமை எனக்கு இரட்டிப்பாக இருக்கிறது என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

மணவறைக்குப் பின்னால், திரைக்கு அந்தப் பக்கம், அம்ப்ளிபையர் பக்கத்தில் உட்கார்ந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் லொறி டிரைவர். தாலி கட்டி முடிந்து ஆட்கள் சாப்பிட உட்கார்ந்த நேரம் எனக்கு ஞானம் பிறந்தது. "இந்த மச்சான் இருக்கானே, ஆளு சுத்தக் கஞ்சன். பருப்புல பருப்பத் தேடணும். பொண்ணுக்குப் போட்டிருக்கிற நகையில பாதி இரவல். எனக்குத் தெரியாதா?" என்று டிரைவரிடம் சொன்னேன். டிரைவர் முகம் வெளுத்தது. மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. இத்தனை பேர் சாப்பிடுகிற இடத்தில் ஏன் இப்படி அமைதி என்று அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. மைக்கை நான் மூடவே இல்லை. நல்ல செட் அது, மூச்சு விட்டால்கூடத் தெளிவாகக் கேட்கும்.

மச்சான் திரையை விலக்கிக்கொண்டு வந்தார், மைக்கைத் தானே மூடினார், திரும்பிப் போனார். புஷ்பம் அழவில்லை, கத்தவில்லை. எல்லோரும் போனபிறகு நான் பொக்ஸுகளை லொறியில் ஏற்றிவிட்டு, "வா, போகலாம்" என்றேன். அவள் அண்ணன் வீட்டுப் படியில் நின்றபடியே சொன்னாள்:

"பொக்ஸ ஏத்திட்டீங்கல்ல? நீங்க போங்க. நான் ஏறல்ல."

பந்தல் உண்டு, பெட்டி இல்லை

பிள்ளைகுட்டி இல்லாத வீடு. புஷ்பம் போனபிறகு நானும் ஸ்பீக்கர் பொக்ஸும்தான் மிச்சம். இரண்டு கிழமை கழித்து மச்சான் கடைக்கு ஆள் அனுப்பிக் கேட்டேன். குடியை விட்டால் வாசலுக்கு வரலாம், விடாவிட்டால் அந்த ரோட்டாலேயே போக வேண்டாம் என்று பதில் வந்தது. சரி, விட்டுவிட வேண்டியதுதான் என்று முடிவு பண்ணினேன். அந்த முடிவைக் கொண்டாட அன்றைக்கும் குடித்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நேர்ஸ், குடிக்கிறவர்கள் ஒன்றாகக் கூடிப் பேசி ஒருத்தரை ஒருத்தர் தாங்கிக்கொள்கிற கூட்டங்கள் இருக்கின்றன, விசாரித்துப் பாருங்கள் என்றாள். மாத்தளையில் விசாரித்தால் ஊரே சிரிக்கும். அதனால் ரத்தோட்டைக்குப் போனேன். அந்தப் பக்கம் எனக்குப் போட்டியாக வேறொருத்தர் ஸ்பீக்கர் கட்டுகிறார், அதனால் அங்கே என் மூஞ்சி யாருக்கும் தெரியாது. பஸ்ஸை விட்டு இறங்கித் தேத்தண்ணிக் கடையில், "இங்க ஒரு கூட்டம் கூடுதாமே, கஷ்டத்துல இருக்கிறவங்களுக்கு ஒதவி செய்ற கூட்டம்" என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். "ஆமா, கோயிலுக்குப் பின்னால ஹோல்ல. இன்னிக்குத்தான், ஓடுங்க" என்றார்கள்.

ஓடிப்போய்க் கடைசிக் கதிரையில் உட்கார்ந்தேன். முன்னால் ஒருத்தர், "போன மாசம் நம்மள்ல ரெண்டு பேரு போயிட்டாங்க. ஆறுமுகத்துக்கும் டாக்டர் கைவிரிச்சுட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் மனுஷன் ஒளிக்காமல் சொல்கிறாரே, இப்படிச் சொன்னால்தானே புத்தி வரும் என்று மதிப்பும் வந்தது. அடுத்து, பழைய பந்தல் தகரம் ஓட்டையாகிவிட்டதைப் பற்றியும், பெட்டி எந்தக் கடையில் எடுப்பது என்றும் பேசினார்கள். இந்த அளவுக்கா பயமுறுத்துவார்கள் என்று நினைத்தேன். "புதுசா வந்த தம்பி ஏதாச்சும் சொல்லணுமா?" என்றார் தலைவர். எழுந்து நின்றேன். கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. "நான் குடிச்சே அழிஞ்சவன்ங்க. பொண்டாட்டியும் போயிட்டா. என்னையும் சேத்துக்குங்க" என்றேன்.

அது மரண உதவிச் சங்கம். அங்கத்தவர் வீட்டில் சாவு விழுந்தால் பந்தல் போட்டு, பெட்டி எடுத்து, அடக்கம்வரை பார்த்துக்கொள்கிற சங்கம். தலைவர் என் நடுங்குகிற கையையும் மஞ்சள் கண்ணையும் மேலும் கீழும் பார்த்தார். பாவம், நல்ல மனுஷன்.

"தாராளமா சேருங்க தம்பி. ஆனா இப்பவே சொல்லிட்றேன், சேந்து ஆறு மாசத்துக்குள்ள போயிட்டா பந்தல் மட்டுந்தான், பெட்டி கெடையாது."

அரைப் பேர்

ரத்தோட்டையில் பட்ட அவமானத்துக்குப் பிறகு தூரமாகவே போய்விடுவோம் என்று கண்டிக்குப் போனேன். அங்கே உண்மையாகவே சரியான கூட்டம். ஆனால் முழுக்க முழுக்க இங்கிலீஷ். கோட்டுப் போட்டவர்கள், கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்காரி, ரிட்டயரான பெரிய மனுஷர்கள். ஒவ்வொருத்தராகப் பேசினார்கள், நடுநடுவே கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஒருத்தர் அழுதார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் அழுகை வந்தது. அவர் நாய் செத்ததைச் சொன்னாரோ, பெண்டாட்டி போனதைச் சொன்னாரோ, இன்றைக்குவரைக்கும் தெரியாது.

முடிந்ததும் நரைத்த மீசைக்காரர் ஒருத்தர் என்னிடம் வந்தார். பழைய தேயிலைத் தோட்டத்துத் துரை. தமிழ் பேசினார். ஆனால் அவருக்குத் தெரிந்த தமிழெல்லாம் விடியற்காலைப் பிரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலைக்கு அனுப்பப் பழகிய தமிழ். அங்கே ஒரு நாள் சம்பளத்துக்கு ஒரு பேர் என்று கணக்கு, பிந்தி வந்தவனுக்குப் பாதிதான். அன்பாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று மனுஷன் தவிக்கிறார், வாயைத் திறந்தால் அதட்டலாகத்தான் வருகிறது. "ஏய்! எந்த ஊர்?" மாத்தளை என்றேன். "மாத்தளையிலே ஆள் இருக்கு! சிறில்! பழைய ரயில் கார்ட்! அங்கே போ!" என்றார். என் தோளில் கை வைத்தார். அந்தக் கையும் நடுங்கியது, என் கையைப் போலவே. அப்பா வேலை செய்த தோட்டத்தில் துரை பக்கத்தில் வந்தால் நாங்கள் ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் இறங்கி நிற்போம். அப்படிப்பட்ட ஒரு துரையின் கண் கலங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் "வர்றேங்க" என்று கும்பிட்டேன். துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு அதட்டினார்:

"குடிக்காதே! போ! ஒவ்வொரு கிழமையும் வா! லேட்டு வந்தா அரைப் பேர்தான்!"

ஒருநாள் காப்பு

சிறில் மஹத்தயா, நம் பேச்சில் சிறில் ஐயா, வஹகோட்டைக்காரர். சிங்களக் கத்தோலிக்கர், ரயிலில் கார்டாக இருந்தவர், தமிழும் நன்றாக வரும். பஸ் ஸ்டாண்டுக்கு மேல்பக்கம் ஒரு டியூஷன் கொட்டகையில் வெள்ளிக்கிழமை சாயந்திரம் கூட்டம் வைப்பார். இவ்வளவு நாளும் நான் ரத்தோட்டைக்கும் கண்டிக்கும் அலைந்தேனே, அந்தக் கொட்டகை என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். சின்னப் பிள்ளைகளின் வாங்கில் முழங்கால் நெஞ்சில் முட்ட ஏழெட்டுக் குடிகாரர்கள் உட்கார்ந்திருந்தோம். சிங்களவர், தமிழர், ஒரு முஸ்லிம். ஊர் கேட்கக்கூடாது, முழுப்பெயர் கேட்கக்கூடாது, இங்கே கேட்டதை வெளியே பேசக்கூடாது. தலைவர் என்று யாரும் இல்லை. இதுதான் சட்டம்.

என் முறை வந்தது. எழுந்து, பழக்க தோஷத்தில் காற்றில் இல்லாத மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, "பெரியோர்களே, தாய்மார்களே" என்று ஆரம்பித்துவிட்டேன். ஒருவழியாக என் கதையைச் சொல்லி முடித்து, "இதுக்கு எத்தன நாள் வெரதம்ங்க?" என்று கேட்டேன். சிறில் மஹத்தயா, "இன்னிக்கு ஒரு நாள் குடிக்காம இருந்தா போதும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் ஆட்களைத்தான் உங்களுக்குத் தெரியுமே. அம்மன் தேருக்குக் காப்புக் கட்டினால் கொடி இறங்கும்வரை செத்தாலும் ஒரு சொட்டுத் தொடமாட்டோம். காப்பை அவிழ்த்ததும் தட்சிணையைக் கொடுத்துவிட்டு நேரே தவறணை. எத்தனையோ தேருக்கு அப்படி இருந்தவன் நான். ஒரு நாள் காப்பெல்லாம் எனக்கு எம்மாத்திரம்? அன்றைக்கு ராஜா மாதிரி குடிக்காமல் இருந்தேன். அடுத்த நாள் குளித்து, சாமி கும்பிட்டு, காப்பை அவிழ்த்த திருப்தியோடு போய் அரைப் போத்தல் அடித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குத் தள்ளாடிக்கொண்டே போய், "நீங்க சொன்ன ஒரு நாள முடிச்சுட்டேன்" என்று மார்தட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. சிறில் மஹத்தயா என்னை வாங்கில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"இவ்வளவு காலம் கோச்சியில போனேன் செல்வம். மொதல் ஸ்டேஷன்ல எறங்கிட்டு ஊர் வந்துட்டுதுன்னு சந்தோஷப்பட்ட ஆள நான் இப்பதான் பாக்கிறேன்."

சீனிக் கிளினிக்

எங்கள் கூட்டத்திலிருந்த ஒரே முஸ்லிம், ரஷீத் நானா. மிளகு, சாதிக்காய், கராம்பு வாங்கி விற்கிற வியாபாரி. பள்ளிவாசலில் முன்வரிசை மனுஷன், பெரிய குடும்பம். நம்மைப் போலக் குடித்துவிட்டு ரோட்டில் விழுந்தவர் இல்லை. சரக்குக் கிட்டங்கியில், மூட்டைகளுக்கு நடுவே, கதவைப் பூட்டிக்கொண்டு குடித்தவர். மிளகு மணத்தில் வேறெந்த மணமும் வெளியே வராது. வீட்டுக்குத் தெரியாது, ஜமாஅத்துக்குத் தெரியாது. டியூஷன் கொட்டகைக்கும் பின்பக்கச் சந்தால், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துத்தான் வருவார்.

வெள்ளிக்கிழமை தோறும் எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் கேட்டதற்கு, சீனி வருத்தத்துக்குக் கிளினிக் போகிறேன் என்று ஒரு பொய் சொன்னார். அந்தப் பொய் அவரையே கடித்தது. அன்றிலிருந்து வீட்டில் தேத்தண்ணிக்குச் சீனி இல்லை, வட்டிலப்பம் இல்லை, சோறும் அளந்துதான். பெருநாளைக்குப் பிள்ளைகள் தின்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். சீனி வருத்தம் இல்லாத மனுஷன் சீனிக்கு ஏங்கி மெலிந்துபோனார். நான் சிரித்துத் தொலைத்துவிட்டேன். "சொல்லிறலாமே நானா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய மகளுக்கு அப்போது சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

"குடிச்சத மறச்சி இவ்வளவு காலம் ஓட்டின, தம்பி. உடுறத மறைக்கத்தான் ஏலாம ஈக்கிது."

கராம்பு

ஒரு வழியாகப் பல ஸ்டேஷன் தாண்டினேன். எத்தனை என்று கேட்காதீர்கள், எண்ணினால் அதைக் கொண்டாடத் தோன்றும். கை நடுக்கம் நின்றது. புஷ்பத்தைப் போய்ப் பார்க்கலாம் என்று தைரியம் வந்தது. சவரம் பண்ணி, வெள்ளைச் சேர்ட்டுப் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பலாபத்வலைக்கு பஸ் ஏறினேன். வழி நெடுக வாய் ஊறியது. பயம் வந்தால் எனக்குச் சாராய நினைப்பும் சேர்ந்து வரும். அதற்கு ரஷீத் நானா ஒரு கைமருந்து சொல்லியிருந்தார், நினைப்பு வந்தால் கராம்பு ஒன்றை வாயில் போட்டு மெல்ல வேண்டும் என்று. அவருடைய கடைச் சரக்கு, முதல் தரம். ஒன்றுக்கு நாலாகப் போட்டு மென்றுகொண்டே போனேன்.

மச்சான் கடையில் நின்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் தடுக்கவில்லை. புஷ்பம் வெளியே வந்தாள். மெலிந்திருந்தாள். "புஷ்பம், நான் குடிய விட்டுட்டேன்" என்று வாயைத் திறந்தேன். அவள் முகம் அப்படியே மாறியது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து, குடித்துவிட்டு வீட்டுக்கு வரும் ஒவ்வொரு நாளும் வாடை தெரியாமல் இருக்க நான் கராம்பு மென்றுகொண்டுதான் வருவேன். மாத்தளைக் குடிகாரன் எவனும் அப்படித்தான். அது எனக்கு மறந்தே போயிருந்தது, அவளுக்கு மறக்கவில்லை. "இது அதுக்கில்ல புஷ்பம், சத்தியமா இது குடிக்காம இருக்கிறதுக்கு" என்றேன். அந்த நேரத்தில் எனக்கே அது பொய்யாகத்தான் கேட்டது.

அவள் கதவைச் சாத்துமுன் சொன்னது இதுதான்:

"சாராய வாடைய நான் தாங்கிக்குவேன். கராம்பு வாடை வந்தா அடுத்து பொய் வரும். அதத்தான் தாங்க முடியல்ல."

வாடை இல்லாத குற்றம்

வஹகோட்டைத் தேவாலயத் திருநாளுக்காகச் சிறில் மஹத்தயா ஊருக்குப் போயிருந்தார். கொட்டகைச் சாவியை என்னிடம் கொடுத்து, "நீ திற" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கு ஒரு செத்தவீட்டில் ஸ்பீக்கர் கழற்றிவிட்டு, நேரமாகிவிட்டதே என்று பையோடு ஓடினேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் செக்பொயிண்ட். பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே வயர், வயர், மேலும் வயர், இரண்டு பெட்டரி, கல்யாண வீட்டு லைட்டுக்கு வைக்கிற ஒரு பழைய டைமர். அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். பஸ்ஸில் ஒரு பார்சல் தனியாக இருந்தால் ஆட்கள் ஜன்னலால் குதித்த காலம்.

செக்பொயிண்ட் குடிலுக்குள் கூட்டிப்போனார்கள். சார்ஜன் சிங்களத்தில் கேட்டார். எங்கே போகிறாய்? கூட்டத்துக்கு. தமிழன் ஒருத்தன் அந்தச் சொல்லைச் சொல்லலாமா? நான் சொன்னேன். என்ன கூட்டம்? வெளியில் சொல்லக்கூடாத கூட்டம். யார் தலைவர்? தலைவர் இல்லை. யார் யார் வருவார்கள்? முழுப்பெயர் தெரியாது, நாங்கள் கேட்பதில்லை. நான் உண்மையைச் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகியது. அப்படிக் கூட்டிப்போன சிலர் மாசக்கணக்காக வீடு திரும்பாதது எனக்குத் தெரியும். கடைசியில், "குடிக்காம இருக்கிறதுக்குக் கூடுறோம், சார். நாங்க எல்லாம் குடிகாரங்க" என்றேன். "குடிக்காம இருக்க எதுக்குக் கூட்டம்? வீட்ல இருந்தா போதாதா?" என்றார். பிறகு "ஊது" என்றார். ஊதினேன். ஒரு வாடையும் இல்லை. கராம்புகூட இல்லை. "குடிகாரன்னு சொல்ற, வாடை எங்க?" என்று மேசையில் தட்டினார். இத்தனை வருஷம் வாயில் வாடை இருந்ததற்காகத்தான் எல்லோரிடமும் மாட்டினேன். முதல் தடவையாக வாடை இல்லாததற்காக மாட்டிக்கொண்டேன். உறவுக்காரர் யாரையாவது கூப்பிடு என்றார்கள். மச்சான் கடை நம்பரைச் சொன்னேன்.

அந்த நேரம் வெளியே ரஷீத் நானாவின் குரல் கேட்டது. கொட்டகை பூட்டிக் கிடப்பதைப் பார்த்து என்னைத் தேடி வந்திருக்கிறார். என்னைக் கண்டுவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம். யாரும் ஒரு குறை சொல்லியிருக்க மாட்டார்கள். செக்பொயிண்டில் ஒரு பஸ் ஜனம் வரிசையில் நின்றது, பாதிப் பேர் அவருக்குத் தெரிந்தவர்கள். நானா உள்ளே வந்து, "அவர் சொல்றது உண்மை, சார். நானும் அந்தக் கூட்டந்தான். நானும் குடிகாரன்" என்றார். சார்ஜன் எழுந்து நின்றார், அவருக்கு நானாவை நன்றாகத் தெரியும். "முதலாளி, ஆளக் காப்பாத்தறதுக்காகப் பொய் சொல்லாதீங்க. நீங்க பள்ளிக்குப் போற மனுஷன்" என்று சிரித்தார். எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. அவ்வளவு சுத்தமாக மறைத்திருந்தார் மனுஷன். கடைசியில் நானாவுக்குக் கோபம் வந்துவிட்டது. வரிசையில் நின்ற ஜனம் மொத்தமும் திரும்பிப் பார்க்க, தமிழிலேயே கத்தினார்: "வல்லாஹி, நான் குடிகாரன்! எத்தன தரம் செல்ற!"

அந்த நேரம் பார்த்து மச்சானின் திரீவீலர் வந்து நின்றது. மச்சானோடு புஷ்பமும் இறங்கினாள். நானா கத்தியதை அவளும் கேட்டாள். வியர்த்து விறுவிறுத்து நிற்கிற அவரைப் பார்த்தாள், மூலையில் குந்தியிருக்கிற என்னைப் பார்த்தாள். "அம்மா, இவரு குடிகாரரா?" என்று சார்ஜன் கேட்டார். ஐயோ சாமி, கேட்டிருக்கக் கூடாது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் "அவருக்கு காஸ்ட்ரிக்" என்று சொல்லி என் மானத்தைக் காப்பாற்றி வந்தவள். அன்றைக்கு வாயைத் திறந்தாள். நல்ல சிங்களத்தில், நிறுத்தாமல். லொறியில் ஏற்றி வந்தது, தாலிக்கொடி போனது, அவள் அம்மா செத்த அன்றைக்கு நான் பாடையோடு பாடையாகக் கிடந்தது, மண்டபத்தில் மைக்கில் பேசியது, எல்லாம் வந்தது. ஒன்றுகூடப் பொய்யில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். வெட்கத்தில் அழுதேன். மச்சான் வெளியே போய் நின்றுகொண்டார். சார்ஜன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"போதும்மா, போதும். கூட்டிட்டுப் போங்க. இவரு குடிகாரருதான், வேணும்னா நானே சாட்சிக்கு வர்றேன்."

யாரை நம்பி

வெளியே வந்ததும் நான் நானாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க மானம் போச்சே நானா" என்று அழுதேன். "போனது போச்சு. இனி ஊட்டுல சீனி போட்டுக் குடிக்கலாம்" என்று சிரித்தார், ஆனால் அவர் உதடு துடித்தது. நேரம் பிந்தினாலும் கூட்டம் நடந்தது. மச்சான் திரீவீலரில் திரும்பிப் போனார். புஷ்பம் போகவில்லை. கொட்டகைக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே ரஷீத் நானா பேசும்போது, எழுந்து வந்து கதவோரம் நின்று கேட்டாள். முதல் தடவையாக நானா பின்பக்கச் சந்தால் போகாமல், தொப்பியைப் போட்டுக்கொண்டு முன்வாசலால் இறங்கிப் போனார். அவர் மகளின் சம்பந்தம் தப்பியதா என்று கேட்கிறீர்களா? அது நின்றுபோனது. அடுத்த வருஷம் வேறொன்று அமைந்தது, மாப்பிள்ளை வீட்டாருக்கு எல்லாம் சொல்லித்தான்.

பூட்டைப் போட்டுவிட்டு நானும் புஷ்பமும் ரோட்டுக்கு வந்தோம். பேசப் பயமாக இருந்தது. "பலாபத்வலை பஸ் இன்னும் இருக்கு" என்றேன். அவள் அந்தப் பக்கம் திரும்பாமல், எங்கள் வீட்டுப் பக்கம் நடந்தாள். நான் பின்னாலேயே போனேன், கையில் வயர்ப் பையோடு. வீட்டு வாசலில் நின்று சாவிக்குக் கையை நீட்டினாள்.

"நான் ஒங்கள நம்பி வரல்ல. ஒங்களுக்காக ஒரு மனுஷன் நடுரோட்ல தன் மானத்த எறக்கி வச்சாரே, அவர நம்பி வர்றேன்."

இன்றைக்கும் எங்கள் வீட்டில் என் சத்தியத்துக்கு ஒரு சதம் மதிப்பில்லை, ரஷீத் நானா தலையசைத்தால்தான் எதுவும் செல்லும்; குடித்துத் திரிந்த காலத்தில் எனக்கிருந்த மரியாதையோடு ஒப்பிட்டால் அதுவே பெரிய உத்தியோக உயர்வுதான்.